சந்தை ஆய்வில் பகுப்பாய்வாளராகத் தொடங்க விரும்புகிறேன்: முதலில் களப்பணியா, கணினிப் பயிற்சியா?

பொருநை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலியில் இளங்கலைப் புள்ளியியல் படித்து இந்த ஆண்டுதான் முடித்தேன். எக்செல் நன்றாகத் தெரியும். ஆர் (R) என்னும் கணினி மொழியில் அடிப்படைக் கணக்குகளைச் செய்வேன். இரண்டாம் ஆண்டில் கூறெடுப்பு, அதாவது எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் தேர்ந்து கேட்கும் முறை, பற்றிய பாடத்துக்காக டவுன் கடைத்தெருவில் இருபது பேரிடம் ஒரு வினாப்பட்டியலை நிரப்பி வந்தோம். அன்றிலிருந்து சந்தை ஆய்வுத் துறையில் சேர வேண்டும் என்ற எண்ணம் மனத்தில் நின்றுவிட்டது.

இப்போது என் முன்னே இரண்டு வழிகள் உள்ளன. ஓர் ஆய்வு நிறுவனம் மதுரையைத் தலைமையிடமாக வைத்துத் தென் மாவட்டங்களில் களப்பணி செய்ய ஓராண்டு ஒப்பந்தத்தில் அழைக்கிறது. மற்றொன்று, சென்னையில் ஆறு மாதத் தரவுப் பகுப்பாய்வுப் பயிற்சி. அதற்கான கட்டணத்துக்கு அம்மாவின் நகையை அடகு வைக்க வேண்டியிருக்கும். புள்ளியியல் படித்த பெண் வீடு வீடாக ஏறி இறங்குவதா என்று வீட்டில் கேட்கிறார்கள். களத்தில் சேர்ந்தால் அங்கேயே தங்கிவிட நேருமோ என்ற அச்சம் எனக்கும் இருக்கிறது. இத்துறையில் இருப்பவர்கள் தயவுசெய்து வழிகாட்ட வேண்டும்.

கூடல்நகர் எழுதியது:

தங்கை பொருநைக்கு, நான் பதினெட்டு ஆண்டுகளாகக் களப்பணியில் இருக்கிறேன். அவற்றில் பதினோரு ஆண்டுகள் மேற்பார்வையாளராக. வீட்டில் கேட்கும் கேள்வி எனக்குப் புதியதன்று. என் வீட்டிலும் அதையேதான் கேட்டார்கள். நகையை அடகு வைக்காமல் ஓராண்டு களத்துக்கு வாருங்கள் என்பதே என் கருத்து. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அலுவலகத்தில் இருக்கும் பகுப்பாய்வாளர் திரையில் 62 விழுக்காடு என்ற எண்ணைப் பார்க்கிறார். அந்த எண் எங்கே பிறந்தது? ஒரு தெருவில் எங்களுக்குத் தொடக்கப் புள்ளி ஒன்று கொடுக்கப்படும்; ரேஷன் கடையாகவோ பள்ளிக்கூடமாகவோ இருக்கும். அங்கிருந்து வலக்கைப் பக்கமாகவே நடந்து, குறிப்பிட்ட எண்ணிக்கை வீடுகளைத் தாண்டி அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். கதவைத் திறந்தவரிடமே பேசிவிட்டு வந்தால் பகல் நேரத்தில் வீட்டில் இருப்பவர்களின் கருத்து மட்டும்தான் கிடைக்கும். அதனால் வீட்டில் உள்ள தகுதியான ஆள்களை வயது வரிசையில் எழுதி, கிஷ் கட்டம் என்னும் அட்டவணையைப் பார்த்து யாரிடம் கேட்பது என்று முடிவு செய்வோம். லெஸ்லி கிஷ் என்பவர் 1949-இல் கொடுத்த முறை அது. கட்டம் மூத்த மகனைக் காட்டினால் அவர் வேலையிலிருந்து திரும்பும் மாலையில் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். அந்த இரண்டாம் நடையைத் தவிர்த்துவிட்டு அம்மாவிடமே கேட்டுக்கொண்டு வந்துவிடும் ஆள்களும் இருக்கிறார்கள். இரண்டு ஆள்களும் அனுப்பும் படிவங்கள் கணினியில் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும்.

இன்னொன்று சொல்கிறேன். சலவைத்தூள் பற்றிய ஓர் ஆய்வில் திருமங்கலம் பக்கத்தில் ஓர் அம்மாவிடம் எந்தத் தூள் வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். 'சர்ஃப்தான்' என்றார். டேப்லெட்டில் குறிக்கப்போன நேரத்தில் பின்கட்டில் துணி ஊறவைத்திருந்த வாளியும் அதன் பக்கத்தில் மடக்கி வைத்திருந்த பாக்கெட்டும் என் கண்ணில் பட்டன. அது முற்றிலும் வேறு நிறுவனத்தின் தூள். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அவருக்குச் சலவைத்தூள் எல்லாமே சர்ஃப்தான். பற்பசை எல்லாமே கோல்கேட்டாக இருக்கும் வீடுகளும் ஏராளம். அன்றிலிருந்து என் குழுவினர் பாக்கெட்டைக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் பெயரைக் குறிப்பார்கள். இதை அறியாத பகுப்பாய்வாளர் ஒரு பிராண்டுக்கு மிகப்பெரிய பங்கு இருப்பதாக அறிக்கை எழுதிவிடுவார்.

அட்டவணை எழுதியது:

கூடல்நகர் அக்கா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் ஓராண்டு முழுவதும் களத்தில் இருக்கத்தான் வேண்டுமா என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நான் பெங்களூரில் தரவுச் செயலாக்கப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். களத்தில் சேர்ந்த பிறகு அலுவலகப் பக்கம் வரவே முடியாமல்போன திறமைசாலிகளை எனக்குத் தெரியும். பல நிறுவனங்களில் களப் பிரிவுக்கும் ஆய்வுப் பிரிவுக்கும் இடையே ஒரு சுவர் இருக்கிறது. பொருநையின் அச்சம் காரணமில்லாத அச்சமன்று.

பகுப்பாய்வாளரின் அன்றாட வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். களத்திலிருந்து வரும் தரவைச் சுத்தம் செய்ய வேண்டும். சொந்தச் சொற்களில் சொல்லப்பட்ட விடைகளுக்குக் குறியீடு இட வேண்டும். கூறில் அதிகமாகவோ குறைவாகவோ வந்துவிட்ட பிரிவினரைச் சரிக்கட்டும் நிறைகளைக் கணக்கிட வேண்டும். வயது, பாலினம், ஊர், வருமான நிலை என்று குறுக்கு அட்டவணைகளைப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் விளக்கமும் அறிக்கையும். எஸ்.பி.எஸ்.எஸ். என்னும் புள்ளியியல் மென்பொருள் பல இடங்களில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஆர் தெரிந்தவர் அதைச் சில வாரங்களில் பழகிக்கொள்ளலாம் என்பதால், அதற்காக மட்டும் பெரிய தொகை கட்டுவது வீண்.

புதியவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 400 பேர் கொண்ட எளிய வாய்ப்புக் கூறில் 95 விழுக்காடு நம்பிக்கை அளவில் பிழை வரம்பு ஏறக்குறைய 5 புள்ளிகள். இது பாடத்தில் படித்ததுதான். ஆனால் வாடிக்கையாளர் கேட்பது 'கோயம்புத்தூரில், 25 வயதுக்கு உட்பட்ட பெண்கள் என்ன சொல்கிறார்கள்?' என்பதாக இருக்கும். அந்தக் கட்டத்தில் 40 பேர்தான் இருப்பார்கள். பிழை வரம்பு 15 புள்ளிகளைத் தாண்டிவிடும். கட்டத்தில் அச்சாகியிருக்கும் 58-க்கும் 49-க்கும் இடையே வேறுபாடு இருக்கிறது என்று அந்த 40 பேரை வைத்துச் சொல்லவே முடியாது. அட்டவணையின் மேலே இருக்கும் ஆள்களின் எண்ணிக்கையை முதலில் பார்த்துவிட்டு, பிறகு விழுக்காட்டைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி பகுப்பாய்வாளர் ஆகிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பழகுவதற்கு இலவசமாகவே நல்ல தரவு கிடைக்கிறது. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் வீட்டு வாரியான தரவை இணையத்தில் வைத்திருக்கிறது. மொத்தம் 2,61,746 வீடுகள். அதை இறக்கிக்கொண்டு, அதனுடன் வரும் பெருக்கிகளை, அதாவது நிறைகளை, பயன்படுத்தியும் பயன்படுத்தாமலும் ஒரே சராசரியைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

பொருநை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அந்தக் கோப்பை இறக்குவதற்கு முன் அமைச்சகம் வெளியிட்ட தொகுப்பை மட்டும் பார்த்தேன். கூறில் நகர்ப்புற வீடுகள் 1,06,732. அதாவது ஏறக்குறைய 41 விழுக்காடு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகர்ப்புற மக்கள் 31 விழுக்காடுதான். ஒருவருக்கான மாதச் செலவு ஊரகத்தில் 3,773 ரூபாய், நகர்ப்புறத்தில் 6,459 ரூபாய். இந்த இரண்டையும் கூறின் விகிதத்தில் சேர்த்தால் ஏறக்குறைய 4,870 ரூபாய் வருகிறது. மக்கள்தொகை விகிதத்தில் சேர்த்தால் 4,600 சொச்சம். நிறையிடாமல் விட்டால் நாட்டையே கொஞ்சம் வசதியானதாகக் காட்டிவிடுவோம் என்பது இப்போது புரிகிறது. நான் புரிந்துகொண்டது சரிதானா?

அட்டவணை எழுதியது:

சரிதான். உண்மையான பெருக்கிகள் இதைவிட நுட்பமானவை. ஒவ்வொரு வீடும் தேர்வாவதற்கு இருந்த வாய்ப்பைப் பொறுத்து அவை மாறும். ஆனால் சாரம் இதுதான். யாரும் கேட்காமலே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தீர்கள் அல்லவா, நேர்காணலில் இதைச் சொல்லுங்கள்.

இதையொட்டி இன்னொன்று. இந்தியாவில் வீடுகளைத் தரம் பிரிக்க 2011-இல் புதிய நுகர்வோர் வகைப்பாட்டு முறை வந்தது. குடும்பத்தில் முதன்மையாகச் சம்பாதிப்பவரின் கல்வி, பதினொரு பொருள்களில் எத்தனை அந்த வீட்டில் உள்ளன என்ற இரண்டு கேள்விகளே அதற்கு அடிப்படை. வண்ணத் தொலைக்காட்சியும் அந்தப் பதினொன்றில் அடக்கம். தமிழ்நாட்டில் 2006-க்குப் பிறகு அரசே இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. ஆகவே நம் ஊரில் ஒரு வீட்டில் இருக்கும் பொருள்களின் எண்ணிக்கை, வேறு மாநிலத்தில் சொல்லும் அதே செய்தியைச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. மும்பையிலிருந்து அட்டவணையைப் பார்ப்பவருக்கு இது தோன்றாமல் போகலாம். உங்களுக்குத் தோன்ற வேண்டும்.

கூடல்நகர் எழுதியது:

தம்பி அட்டவணை, அந்தச் சுவரைப் பற்றிச் சொன்னது உண்மை, மறைப்பதற்கில்லை. அதனால்தான் பொருநை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊதியம் மாதக் கணக்கிலா, நிரப்பும் படிவக் கணக்கிலா? படிவக் கணக்கென்றால் வேகமாக முடிப்பவருக்கே பணம். தவறு நுழைவது அங்கேதான். பயணப்படி தனியாக உண்டா? மறுசரிபார்ப்பை யார் செய்கிறார்கள்? ஆறு மாதத்துக்குப் பிறகு ஆய்வுப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாமா? கடைசிக் கேள்விக்கான விடையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் தொடக்க காலத்தில் நான் இருந்த ஒரு நிறுவனத்தில் நாளுக்குப் பன்னிரண்டு படிவங்கள் என்று இலக்கு வைத்தார்கள். ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம் பிடிக்கும் வினாப்பட்டியல். நடக்கும் நேரம், காத்திருக்கும் நேரம், மறுக்கும் வீடுகள் எல்லாவற்றையும் சேர்த்தால் நேர்மையாக ஐந்துக்கு மேல் முடியவே முடியாது. என்ன நடந்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் குழுவில் மூன்று பேர் தேநீர்க் கடையில் உட்கார்ந்து நிரப்பினார்கள். அந்தத் தரவை வைத்து யாரோ ஒரு முடிவெடுத்திருப்பார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. இலக்கு வைத்தவர்களிடம் நான் அப்போது வாய் திறக்கவில்லை. இன்று என் குழுவுக்கு அப்படிப்பட்ட இலக்கை நான் ஏற்பதில்லை.

இப்போது டேப்லெட் வந்துவிட்டதால் நேர்காணல் நடந்த இடமும் நேரமும் பதிவாகின்றன. பகுப்பாய்வாளர் செய்ய வேண்டிய முதல் வேலை அவற்றைப் பார்ப்பதுதான். எல்லா நேர்காணலும் ஒரே இடத்திலிருந்து வந்திருந்தால், எல்லாமே பதினொரு நிமிடத்தில் முடிந்திருந்தால், இருபது கூற்றுகளுக்கும் வரிசையாக 'நான்கு' என்றே குறித்திருந்தால், உடனே கேள்வி எழுப்புங்கள்.

பொருநை எழுதியது:

அக்கா, கேட்க வேண்டும் என்று நினைத்த ஒன்று: கல்லூரிக் கணக்கெடுப்பில் பலர் 'பரவாயில்லை' என்று விடை சொன்னார்கள். ஐந்து படி அளவுகோலில் அதை எங்கே குறிப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிட்டேன். அது தவறா?

மறுபாதி எழுதியது:

இந்தக் கேள்விக்காகவே இதுவரை அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தவன் எழுத வருகிறேன். நான் பண்புசார் ஆய்வில், அதாவது குழு உரையாடல்களையும் நீண்ட நேர்காணல்களையும் நடத்தும் பிரிவில் இருக்கிறேன்.

'பரவாயில்லை' என்பதை நடுவில் வைப்பது பெரும்பாலும் தவறுதான். 'எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது' என்பதற்கும் நம் மக்கள் அதைச் சொல்கிறார்கள். 'அவ்வளவு சிறப்பில்லை, உங்களிடம் குறை சொல்ல மனமில்லை' என்பதற்கும் அதையே சொல்கிறார்கள். குரலில் 'பரவாயில்லையே' என்று ஏகாரம் ஏறினால் அது பாராட்டு. எழுத்தில் அந்த ஏகாரம் விழுந்துவிடும். ஆகவே உடனே 'எதை வைத்துச் சொல்கிறீர்கள்?' என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு அளவுகோலின் அட்டையைக் கையில் கொடுத்து அவரையே தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். நாம் அவருக்காக முடிவெடுக்கக் கூடாது.

வினாப்பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுத் தமிழுக்கு மாற்றப்படுகின்றன. 'அநேகமாக வாங்குவேன்', 'வாங்கினாலும் வாங்குவேன்' என்று இரண்டு படிகள் ஒரு முறை அச்சாகி வந்தன. இரண்டில் எது உயர்ந்த படி என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. தமிழில் சிந்திக்கும் ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் அது அச்சுக்கே போயிருக்காது. பொருநை போன்றவர்களின் மதிப்பு எக்செல்லில் மட்டும் இல்லை என்று நான் சொல்வது அதனால்தான்.

மக்கள் நேரடிக் கேள்விக்குச் சொல்லும் விடையை அப்படியே ஏற்க முடியாத இடங்களும் உண்டு. 1950-இல் அமெரிக்காவில் மேசன் ஹேர் என்பவர் செய்த ஆய்வு இத்துறையில் இன்றும் பாடமாக இருக்கிறது. உடனடிக் காபித்தூளை ஏன் விரும்பவில்லை என்று கேட்டால் பெண்கள் சுவை பிடிக்கவில்லை என்றார்கள். ஹேர், கடையில் வாங்க வேண்டிய பொருள்களை எழுதிய இரண்டு கடைச்சீட்டுகளைத் தயாரித்தார். எல்லாப் பொருளும் ஒன்றே. ஒன்றில் மட்டும் வடிகட்டும் காபித்தூளுக்குப் பதிலாக நெஸ்கஃபே. இந்தச் சீட்டை எழுதிய பெண் எப்படிப்பட்டவர் என்று மட்டும் கேட்டார். நெஸ்கஃபே சீட்டைப் பார்த்தவர்களில் பலர், எழுதியவர் சோம்பேறி, வீட்டைத் திட்டமிட்டு நடத்தத் தெரியாதவர் என்றார்கள். தடை நாக்கில் இல்லை. நல்ல இல்லத்தரசி என்ற எண்ணத்தில் இருந்தது. எந்தக் குறுக்கு அட்டவணையும் இதை வெளியே கொண்டுவந்திருக்காது.

கடைக்கோடி எழுதியது:

ஆய்வை வாங்கும் பக்கத்தில் இருப்பவன் என்ற முறையில் சுருக்கமாக ஒன்று. நான் ஒரு நுகர்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். எனக்கு வரும் அறிக்கைகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே வாங்குபவர்களைப் பற்றியே பேசுகின்றன. வாங்காதவர்களைப் பற்றி எழுதுபவரைக் கண்டால் அவரை விட மாட்டேன். ஷாம்பு புட்டியில் விற்ற காலத்தில், ஷாம்பு பயன்படுத்துபவர்களை மட்டும் கேட்டிருந்தால் மணம், நிறம், நுரை பற்றித்தான் விடை வந்திருக்கும். கடலூரில் சின்னிகிருஷ்ணன் அதைச் சிறு சாஷேயில் அடைத்தார். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் தனியே தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவை ஊர் ஊராகக் கொண்டுபோய் மக்கள் முன்னிலையிலேயே தலைக்குத் தேய்த்துக் காட்டினார். சீயக்காயையும் சோப்பையும் தலைக்குத் தேய்த்துக்கொண்டிருந்த, எந்தப் புட்டிக் கணக்கிலும் வராத மக்கள்தான் அந்தச் சந்தை. சகோதரி பொருநை எங்கே சேர்ந்தாலும், அட்டவணையில் 'பயன்படுத்துவதில்லை' என்று ஒரு வரியில் முடிந்துபோகும் கூட்டத்தைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

இளவேனில் எழுதியது:

நானும் மாணவிதான். இப்போது செயற்கை நுண்ணறிவே மனிதர்களைப் போல விடை சொல்லிவிடும், கணக்கெடுப்பே தேவைப்படாது என்கிறார்களே, இந்த வேலை நீடிக்குமா?

அட்டவணை எழுதியது:

குறியீடு இடுவது, அட்டவணை போடுவது, அறிக்கையின் முதல் வரைவு ஆகியவற்றில் மனித நேரம் குறைந்துகொண்டிருக்கிறது; நுழைவுநிலை வேலைகளில் அதன் விளைவு இருக்கும் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆனால் அந்தக் கருவிகள் ஏற்கெனவே எழுதப்பட்டவற்றிலிருந்து கற்றவை. அக்கா பார்த்த வாளியும் பாக்கெட்டும் யாராலும் எழுதப்படவில்லை. புதிதாக எதையாவது தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் யாரோ ஒருவர் போய்க் கேட்கத்தான் வேண்டும். நானும் ஓராண்டு வேண்டாம் என்று தொடங்கியவன், இப்போது ஆறு மாதமாவது களம் வேண்டும் என்ற இடத்துக்கு வந்திருக்கிறேன்.

பொருநை எழுதியது:

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். களப்பணியில் சேர முடிவு செய்துவிட்டேன். ஊதியம் மாதக் கணக்கில்தான். ஆறு மாதத்துக்குப் பிறகு ஆய்வுப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று கடிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவின் நகை பீரோவிலேயே இருக்கிறது. அப்பா இன்னும் முழு மனத்தோடு இல்லை. ஆனால் கூடல்நகர் அக்கா எழுதியதைப் படித்துக் காட்டியபோது இடைமறிக்காமல் கடைசி வரை கேட்டார்.

சேருவதற்கு முன் எங்கள் தெருவில் முப்பது வீடுகளில் ஒரு பயிற்சி செய்து பார்த்தேன். பாக்கெட் இட்லி மாவைப் பற்றிய நான்கே கேள்விகள். 'நீங்கள் கடையில் இட்லி மாவு வாங்குவது உண்டா?' என்பது முதல் கேள்வி. இருபத்திரண்டு வீடுகளில் இல்லை என்றார்கள். 'நாங்கள் வீட்டில்தான் அரைப்போம்' என்று சிலர் சற்று அழுத்தியே சொன்னார்கள். ஆனால் எங்கள் முக்குக் கடையில் மாலை ஏழு மணிக்குள் மாவு பாக்கெட் தீர்ந்துவிடுகிறது. இல்லை என்று சொன்ன ஒரு வீட்டில் எனக்குத் தண்ணீர் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபோது, கதவுத் தட்டில் கத்தரித்து ரப்பர் பேண்ட் போட்ட மாவு பாக்கெட் இருந்தது. நான் பார்த்ததை அந்த அத்தையும் பார்த்துவிட்டார். எனக்குத்தான் சங்கடமாகப் போயிற்று. மறுபாதி ஐயா சொன்ன கடைச்சீட்டு நினைவுக்கு வந்தது. இந்தக் கேள்வியை எப்படி மாற்றுவது?

கூடல்நகர் எழுதியது:

நல்ல இடத்தில் நின்று கேட்டிருக்கிறீர்கள். 'வாங்குவது உண்டா' என்ற கேள்வி ஒரு வீட்டுக்காரியின் காதில் 'நீ அரைக்காத ஆளா' என்றுதான் விழும். பழக்கத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். 'போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நேற்று வரை உங்கள் வீட்டில் எந்தெந்த வேளை இட்லி, தோசை செய்தீர்கள்?' என்று கேட்டு ஒவ்வொரு வேளையாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, 'அதில் ஒவ்வொரு தடவையும் மாவு எங்கிருந்து வந்தது: வீட்டில் அரைத்ததா, கடையில் வாங்கியதா, பக்கத்து வீட்டில் கொடுத்ததா, மெஷினில் கொடுத்து அரைத்ததா?' என்று நான்கையும் ஒரே குரலில், ஒரே வேகத்தில் படியுங்கள். வீட்டில் அரைத்ததை எப்போதும் முதலில் சொல்லாமல், வீட்டுக்கு வீடு வரிசையை மாற்றிக் கேளுங்கள். முக்குக் கடையில் ஒரு வாரம் எத்தனை பாக்கெட் போனது என்பதையும் கேட்டு எழுதிவைத்து, இரண்டு கணக்கையும் ஒப்பிடுங்கள்.

அந்த அத்தை வீட்டுக்கு மறுபடியும் இந்தக் கேள்வியோடு போக வேண்டாம். திங்கட்கிழமை மதுரைக்கு வரும்போது அந்த முப்பது படிவங்களையும் எடுத்து வாருங்கள். மாட்டுத்தாவணியில் இறங்கியதும் எனக்குச் செய்தி அனுப்புங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.